கடற்பாசிச் சாறு (வேளாண்மை)

கடற்பாசிச் சாறு என்பது கடலில் வளரும் பெரும்பாசிகளை அரைத்தோ, காரக் கரைசலில் வேகவைத்தோ, அழுத்தத்தால் செல்களை உடைத்தோ எடுக்கப்படும் திரவம். உலர்த்திய பொடியாகவும் இது விற்பனைக்கு வருகிறது. சிறிதளவு இலைமேல் தெளித்தாலும் வேரில் ஊற்றினாலும் வேரோட்டத்தையும் பூப்பிடிப்பையும் வறட்சி, உவர், குளிர் ஆகியவற்றைத் தாங்கும் திறனையும் கூட்டக்கூடியது. தெளிக்கும் அளவில் தழை, மணி, சாம்பல் சத்துகள் சொற்பமே இருப்பதால் இது உரமாகக் கொள்ளப்படுவதில்லை. ‘உயிரி ஊக்கி’ என்ற தனி வகையில் சேர்க்கப்படுகிறது.

வரலாறு

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பிரான்சின் பிரித்தானி ஆகிய கடலோரங்களில், புயலுக்குப் பின் கரையொதுங்கும் பாசியை வண்டியில் ஏற்றி வயலில் இடுவது பல நூற்றாண்டுப் பழக்கம். அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் வெறும் சுண்ணாம்புப் பாறைமேல் மணலையும் பாசியையும் மாறி மாறிப் பரப்பி, உருளைக்கிழங்கு விளையும் மண்ணையே உருவாக்கினார்கள். ஆனால் பாசியின் எடையில் பெரும்பகுதி நீர். ஆகவே இந்த எரு கடற்கரையை விட்டு அதிக தூரம் போகவில்லை.

பாசியைத் திரவமாக்கியபோதுதான் அந்தத் தடை நீங்கியது. பிரிட்டனைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் ரெஜினால்ட் மில்டன் பாசியைக் காரத்துடன் சேர்த்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்துக் கரைக்கும் முறையை உருவாக்கினார்; அதற்கு 1952இல் பிரிட்டிஷ் காப்புரிமை வெளியானது. அவருடன் இணைந்து செயல்பட்ட டபிள்யூ. ஏ. ஸ்டீவன்சன் ‘மேக்சிகிராப்’ என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

மூலப் பாசிகள்

உலகச் சந்தையில் பழுப்புப் பாசிகளே முன்னணியில் உள்ளன. வட அட்லாண்டிக் கரையின் அஸ்கோஃபில்லம் நோடோசம் கனடாவின் நோவா ஸ்கோஷியா, அயர்லாந்து, நார்வே ஆகிய இடங்களில் அறுவடையாகிறது. தென்னாப்பிரிக்காவில் எக்லோனியா மேக்சிமாவும், ஆஸ்திரேலியாவில் டுர்வில்லியா பொட்டடோரமும் பயன்படுகின்றன. இந்தியாவில் சிவப்புப் பாசியான கப்பாஃபைகஸ் அல்வரெசி முதன்மையானது. சர்காசம் (கட்டக்கோரை), கிராசிலேரியா (கஞ்சிப்பாசி) ஆகியவற்றின் சாறுகளும் ஆய்வில் உள்ளன.

தயாரிப்பு

காரமுறையில் பாசி நன்றாகக் கரையும். ஆனால் வெப்பத்தைத் தாங்காத பொருள்கள் சிதைந்து, மூலப்பாசியில் இல்லாத புதிய சேர்மங்களும் உருவாகும். எக்லோனியாவுக்குக் கையாளப்படும் குளிர்முறையில், அழுத்தத்தைத் திடீரெனத் தளர்த்திச் செல்களை வெடிக்கச் செய்கிறார்கள். கப்பாஃபைகஸுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. கடலிலிருந்து எடுத்த பசும்பாசியைக் கழுவி, அரைத்து, வடிகட்டினாலே சாறு கிடைத்துவிடும். பாசி காய்வதற்குள் இதைச் செய்யவேண்டும் என்பதால் ஆலை கரைக்கு அருகிலேயே இருந்தாகவேண்டும். பாசி இனம், அறுவடைக் காலம், பிரித்தெடுக்கும் முறை ஆகிய மூன்றும் சேர்ந்தே சாற்றின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே பாசியின் பெயர் போட்ட இரண்டு குப்பிகள் ஒரே பலன் தராமல் போவதற்கு இதுவே காரணம்.

செயல்படும் விதம்

பழுப்புப் பாசிச் சாற்றில் ஆல்ஜினேட், லாமினாரின், ஃபுகோய்டன் ஆகிய கூட்டுச்சர்க்கரைகள், மானிட்டால், பீட்டேன்கள், சுவடு தாதுக்கள் உள்ளன. சைட்டோகைனின், ஆக்சின் முதலிய வளர்ச்சி ஹார்மோன்களும் மிக நுண்ணிய அளவில் உண்டு. தொடக்கத்தில் சாற்றின் விளைவு முழுவதும் இந்த ஹார்மோன்களால்தான் என்று கருதப்பட்டது. ஆனால் பல மடங்கு நீர்த்துத் தெளிக்கும் சாற்றில் இவற்றின் அளவு அவ்வளவு விளைவுக்குப் போதாது. அஸ்கோஃபில்லம் சாற்றை அராபிடாப்சிஸ் செடியில் இட்டுச் செய்த ஆய்வுகள், ஹார்மோன்களை உருவாக்கும் செடியின் சொந்த மரபணுக்களின் செயல்பாடே மாறுவதைக் காட்டின. சாறு ஊட்டம் என்பதைவிடச் சமிக்ஞையாகவே வேலை செய்கிறது என்ற கருத்து இவற்றால் வலுப்பட்டது.

லாமினாரின் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இதன் அமைப்பு பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ள சர்க்கரைத் தொடரை ஒத்திருப்பதால், செடி இதை நோய்க்கிருமியின் வருகையாக எடுத்துக்கொண்டு தற்காப்பு நொதிகளை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது. லாமினாரினை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த பயிர்ப் பாதுகாப்புப் பொருள்கள் ஐரோப்பாவில் அனுமதி பெற்றுள்ளன. வறட்சியிலும் உவரிலும் பீட்டேன் போன்ற பொருள்கள் செல்லின் நீர்ச்சமநிலையைக் காக்க உதவுகின்றன. ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் நொதிகளின் அளவும் உயர்கிறது. மண்ணில் ஊற்றும்போது ஆல்ஜினேட் மண்துகள்களைச் சேர்த்துப் பிடித்து ஈரத்தைத் தக்கவைக்கிறது.

பயன்படுத்தும் முறை

விதைநேர்த்தி, நாற்றின் வேரை நனைத்து நடுதல், சொட்டுநீருடன் விடுதல், இலைவழித் தெளிப்பு ஆகிய நான்கு வழிகளில் சாறு பயன்படுகிறது. தூர் கட்டும் பருவம், பூக்கும் முன்பு, காய் பிடிக்கும் தருணம் ஆகியவை தெளிப்புக்கு ஏற்றவை. வெயில் தணிந்த மாலையிலோ அதிகாலையிலோ தெளித்தால் இலை நன்றாக உறிஞ்சும். செறிவூட்டிய வணிகச் சாறுகள் லிட்டர் தண்ணீருக்குச் சில மில்லிலிட்டர் போதும். செறிவூட்டாத கப்பாஃபைகஸ் சாற்றை ஆய்வுகளில் பெரும்பாலும் 2.5 முதல் 15 விழுக்காடு வரை கலக்கிறார்கள். 5 விழுக்காடு என்றால் 10 லிட்டர் டேங்கில் அரை லிட்டர். அளவு மிஞ்சினால் பலன் கூடாது. முளைப்பும் வளர்ச்சியும் குன்றும்.

மழையை மட்டும் நம்பிய சோயா மொச்சையில் 15 விழுக்காட்டுக் கப்பாஃபைகஸ் சாறு 57 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்ததாக 2009இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று கூறுகிறது. பெரும்பாலான சோதனைகளில் இவ்வளவு உயர்வு கிடைப்பதில்லை. நீரும் உரமும் குறைவின்றிக் கிடைக்கும் வயலில் வேறுபாடு சிறிதாகவும், பயிர் நெருக்கடியில் இருக்கும்போது பெரிதாகவும் தெரிவது பொதுப்போக்கு.

இந்தியாவில்

பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த கப்பாஃபைகஸை, பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் குஜராத் கரைக்குக் கொண்டுவந்தது. பின்னர் 1990களில் இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் அதைக் கடலில் வளர்த்துப் பார்த்தது. 2000க்குப் பிறகு பெப்சிகோ நிறுவனத்தின் ஒப்பந்த முறையில் இது பரவியதால், மீனவர் பேச்சில் இன்றும் இது ‘பெப்சி பாசி’.

சாகுபடி 3 மீட்டர் நீள அகலமுள்ள மூங்கில் மிதவைகளில் நடக்கிறது. இருபது கயிறுகளில் ஏறத்தாழ 60 கிலோ பாசித் துண்டுகளை விதையாகக் கட்டி, அடியில் வலையை இழுத்துக் கட்டுகிறார்கள். இல்லாவிட்டால் ஓரா மீன்கள் மேய்ந்துவிடும். ஒடிந்த துண்டுகளும் அலையோடு போய்விடும். 45 நாளில் மிதவை ஒன்றுக்கு 200 கிலோவுக்கு மேல் எடுக்கலாம். அதில் ஒரு பங்கு அடுத்த சுற்றுக்கு விதையாகும். கட்டுவதிலும் அறுப்பதிலும் பெண்கள் சுய உதவிக் குழுக்களின் பங்கு பெரிது.

முன்பு அறுத்த பாசியை வெயிலில் காயவைத்து, கராஜீனன் என்ற கூழ்மப்பொருள் எடுக்க ஆலைக்கு அனுப்புவதே வழக்கம். சாறு முழுவதும் காற்றில் போனது. பசும்பாசியைப் பிழிந்து சாற்றை முதலில் எடுத்து, சக்கையிலிருந்து கராஜீனன் எடுக்கும் ஒருங்கிணைந்த முறைக்கு மேற்படி ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. ஒரே அறுவடையில் இரண்டு வருமானம் கிடைக்க இது வழிசெய்தது. இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் விற்கும் ‘சாகரிகா’ இந்நாட்டில் பரவலாக அறியப்பட்ட கடற்பாசிச் சாறு.

சூழலியல் கேள்விகள்

அயலினமான கப்பாஃபைகஸ் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளப்பாறைகள்மீது படர்ந்திருப்பது 2008இல் பதிவு செய்யப்பட்டது. அதற்கு முன்பே, 2005இல், பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இதை வளர்க்கலாம் எனத் தமிழ்நாடு அரசு வரையறுத்திருந்தது. 2013–14 காலத்தில் கடல்நீர் சூடேறியதால் பாசி பெருமளவில் அழிந்து உற்பத்தி சரிந்தது. வெப்பம் தாங்கும் விதையும் உள்ளூர்ப் பாசி இனங்களும் அதன்பின் கூடுதல் கவனம் பெற்றன. வட அட்லாண்டிக்கில் இயற்கைப் பாசித்திட்டுகளை அளவு மீறாமல் அறுப்பதை உறுதிசெய்வதே முதன்மைப் பிரச்சினை.

தரமும் சட்டமும்

பாசிகள் கடலிலிருந்து ஆர்சனிக் முதலிய தனிமங்களையும் உப்பையும் சேர்த்துக்கொள்வதால் சாற்றில் இவற்றின் அளவைச் சோதிப்பது அவசியம். ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் உரச் சட்டத்தில் உயிரி ஊக்கிகளை, அவற்றின் கூறுகளைக் கொண்டல்லாமல் செடியில் ஏற்படுத்தும் விளைவைக் கொண்டு வரையறுத்தது. இந்தியா 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, கடற்பாசிச் சாறு உள்ளிட்ட உயிரி ஊக்கிகளை அதன்கீழ் கொண்டுவந்தது. அதுவரை இத்தகைய பொருள்கள் தரவரையறை இன்றியே கடைகளில் விற்பனையாகின. இப்போது விற்பனைக்கு முன் கலவை விவரம், நச்சுத்தன்மைச் சோதனை, வயல்வெளிச் சோதனை முடிவு ஆகியவற்றை உற்பத்தியாளர் காட்டவேண்டும். வாங்கும் விவசாயி குப்பியில் பாசி இனத்தின் பெயர், திடப்பொருள் விழுக்காடு, பரிந்துரைக்கும் பயிர் ஆகியவற்றைப் பார்த்து வாங்குவது நல்லது. மண் பரிசோதனைப்படி இடவேண்டிய அடியுரத்தையும் மேலுரத்தையும் சாற்றை நம்பிக் கைவிடக்கூடாது.