காற்றைக் குளிர வைக்கிற இடம்: கண்டி ஏற்றத்தில் இன்டர்கூலரின் வரலாறு

கண்டிப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு ‘இன்டர்கூலர் டர்போ’ என்பது வாசிச்சுப் பழகிப்போன சொல். பழைய மிட்சுபிஷி பஜிரோக்களின் உடம்பில் கொட்டை எழுத்தில் அது ஒட்டியிருக்கும். அந்த வண்டியின் பொனட் மேல மூக்குத் துவாரம் மாதிரி ஒரு திறப்பு இருக்குமே, அதுக்கு நேர் கீழேதான் இன்டர்கூலர் இருக்கு. ஏன் அங்கே வச்சாங்க? முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால வச்சிருக்கலாமே? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு அத்தியாயம் நம்ம பேராதனைப் பக்கமும் வந்து போகுது.

முதல்ல விஷயம் என்னன்னு பார்த்திடுவோம். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையின் வேகத்தால் சுற்றுகிற ஒரு சின்னச் சக்கரம்தான் டர்போ. அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுது. காற்று கூட வந்தால் எரிபொருளும் கூட எரிக்கலாம், வலுவும் கூடும். ஆனா சைக்கிளுக்குக் காற்றடிச்ச எல்லாருக்கும் தெரியும், அமுக்கினால் காற்று சுடும். 30 பாகை செல்சியஸில் இருக்கிற காற்றை இரண்டு மடங்கு அமுக்கத்துக்குக் கொண்டுபோனால், நடைமுறையில் அது 120 பாகையைத் தொடும். சூடான காற்று விரியும், அடர்த்தி குறையும். அதாவது ஒரு கையால் கொடுத்ததில் ஒரு பங்கை டர்போ மறு கையால் எடுத்துக்கொள்கிறது. அதே காற்றை 50 பாகைக்குக் குளிர வைத்தால் அடர்த்தி 20 வீதத்துக்கு மேல் கூடும். பெட்ரோல் எஞ்சினில் இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. காற்று அளவுக்கு மீறிச் சூடானால் எரிபொருள் ஒழுங்கா எரியாமல் திடீரென்று வெடித்து எரியும். கராஜில் ‘நொக்’ என்பாங்க. அது தொடர்ந்தால் பிஸ்டன் உடையும், உருகும்.

டர்போவுக்கு முதலில் காப்புரிமை எடுத்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி, ஆண்டு 1905. ஆனா அதோட அருமையை உலகத்துக்குக் காட்டினது ஒரு மலை. 1918ல் அமெரிக்கரான சான்போர்ட் மொஸ், ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லொறியில் ஏற்றி, சுமார் 4,300 மீட்டர் உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். கீழே 350 குதிரைவலு தந்த எஞ்சின், உச்சியின் மெல்லிய காற்றில் 230தான் தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356 ஆனது. இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில், கடல் மட்டத்துக் காற்றமுக்கத்தில் ஏறக்குறைய 80 வீதம்தான் இருக்கிறது. சாதாரண வேன் அங்கே மூச்சு வாங்குறது அதனாலதான்.

அடுத்து வந்தது போர். உயரத்தில் பறக்கிற விமானத்துக்கு டர்போ அவசியமானது, டர்போ வந்ததால் காற்றைக் குளிர வைக்கிற கவலையும் வந்தது. லொக்ஹீட் நிறுவனம் பி-38 போர் விமானத்தைச் செய்தபோது சுடுகாற்றை இறக்கையின் முன்விளிம்புக்குள் ஓட விட்டது. இறக்கைத் தகட்டின் வெளிப்பக்கம் எப்போதும் குளிர் காற்று அடிக்கும், தனிக் கருவியும் வேண்டாம். கேட்க நல்ல யோசனைதான். ஆனா எஞ்சினின் வலுவைக் கூட்டக் கூட்ட அந்த இறக்கையால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1943ல் வந்த பி-38ஜே வகையில் இன்டர்கூலரை எஞ்சினுக்குக் கீழே, தாடை மாதிரியான இடத்துக்கு மாற்றினாங்க. காலியான இறக்கை விளிம்பில் எரிபொருள் தாங்கி வந்தது. ஐரோப்பாவின் உறைகுளிரிலோ எதிர்ப் பிரச்சினை: காற்று தேவைக்கு மேல் குளிர்ந்துவிட்டது. அங்கே எஞ்சின்கள் பழுதானதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரே கருவி, ஒரே விமானம். இடமும் காலநிலையும் மாறினதும் விடையும் மாறிப்போச்சு.

பேராதனை வருவது இங்கேதான். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்து, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இயங்கியது. பர்மா வானில் பி-38கள் பறந்த காலத்தில் அந்தப் போரின் திட்டங்கள் நம்ம மரங்களுக்குக் கீழே வரையப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் 10ல் திருகோணமலை சீனன்குடாவிலிருந்து பி-29 விமானங்கள் சுமத்ராவின் பலெம்பாங்குக்குக் குண்டுபோடப் புறப்பட்டன. அதன் ஒவ்வொரு எஞ்சினுக்கும் இரண்டு டர்போ, கூடவே இன்டர்கூலர். எட்டு வருஷம் கழிச்சு, 1952ல், பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் பேராதனைக்கு வந்தது. நாம தினம் நடக்கிற பாதைக்குப் பக்கத்துல இப்படி ஒரு வரலாறு படுத்துக் கிடக்கு.

போர் முடிஞ்ச பிறகு டர்போ மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது. 1962ன் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயரில் இன்டர்கூலர் இல்லை. காற்றைக் குளிர வைக்கத் தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவத்தைத் தெளிச்சாங்க. ஓட்டுநர்கள் அதை நிரப்ப மறந்தாங்க. 1978ல் போர்ஷ 911 டர்போவுக்கு இன்டர்கூலர் வந்தபோது அது பின்பக்கச் சிறகுக்குக் கீழே உட்கார்ந்தது, ஏன்னா எஞ்சினே பின்னாலதான். 1987ல் சுசூக்கி ஆல்டோ வர்க்ஸ், 543 சிசி எஞ்சினிலிருந்து 64 குதிரைவலு எடுத்தது.

இலங்கைக்கு டர்போ பெருகி வந்ததுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்ம நாட்டில் வாகன வரி எஞ்சினின் சிசி கணக்கில் ஏறும். 1000 சிசிக்குக் கீழே இருந்தால் வரி குறைவு. அதனாலதான் 988 சிசி ஹொண்டா சிவிக் டர்போ நம்ம வீதிகளில் ஓடுது. மெல்லிய காற்றுக்காகப் பிறந்த கருவி, வரிக்காகவும் இங்கே வந்து சேர்ந்தது. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை வழி திறக்கவில்லை. புதுசு வாங்க முடியாத காலத்தில் பழசைத் திருத்துறதும் மெருகேற்றுறதும்தான் வழி.

சொந்தக் கையால் டர்போ கட்டுறவங்களுக்கு இந்த வரலாறு சொல்றது ஒன்றுதான்: இன்டர்கூலரின் இடத்தைப் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீங்க, ஓடப்போற வீதியைப் பார்த்து முடிவெடுங்க. கடுகண்ணாவை ஏற்றத்தையோ மஹியங்கனை வீதியின் 18 வளைவுகளையோ நினைச்சுப் பாருங்க. லொறிக்குப் பின்னால, இரண்டாம் கியரில், எஞ்சின் முழு மூச்சில் இழுக்குது. வண்டியோ மெதுவாகத்தான் நகருது. வெப்பம் அதிகம், அதை அள்ளிக்கொண்டு போகக் காற்று குறைவு. சமதரை நெடுஞ்சாலையில் தெரியாத குறை எல்லாம் இங்கே வெளியே வரும்.

பொனட்டுக்குக் கீழே எஞ்சின் மேல வைத்தால் குழாய் குட்டை, டர்போ சட்டென்று வேலை செய்யும். ஆனா மெதுவா ஏறும்போது கீழிருந்து எஞ்சின் சூடு ஏறி, குளிரூட்ட வேண்டியதே சூடேற்ற ஆரம்பிக்கும். முன்பக்கம் வைத்தால் குளிர் காற்று நேரா வரும், வண்டி ஊர்ந்தாலும் ரேடியேட்டர் விசிறி கொஞ்சம் காற்றை இழுத்துக் கொடுக்கும். ஆனா அந்தக் காற்று சூடாகித்தான் ரேடியேட்டருக்குப் போகும். அளவுக்கு மீறின பெரிய இன்டர்கூலர் ரேடியேட்டரையே மூடிடும். தண்ணீரால் குளிரூட்டும் முறை குறுகிய ஓட்டத்துக்குக் கெட்டி. மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் மாதிரிச் சட்டென்று முடியிற ஓட்டத்துக்குப் பொருந்தும். நீண்ட ஏற்றத்தில் அந்தத் தண்ணீரும் சூடாகும், அதைக் குளிர வைக்க இன்னொரு சின்ன ரேடியேட்டர் வேணும். எதை எடுத்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்கணும். சரியா தப்பா என்று தெரிய ஒரு வழி உண்டு: ஏற்றத்தின் உச்சியில் எஞ்சினுக்குள் போகிற காற்றின் வெப்பநிலையை அளந்து பார்ப்பது.

நம்ம கராஜ் பாஸ்மார் பலருக்கு இதெல்லாம் கை அனுபவமா தெரியும். எந்த வளைவில் எந்த வண்டி சூடேறும் என்று சொல்லக்கூடியவங்க இருக்காங்க. ஆனா பூச்சியும் மொஸ்ஸும் காப்புரிமையிலும் அறிக்கையிலும் எழுதி வச்சதால வரலாற்றில் நின்றாங்க. கிறீஸ் படிந்த கையோட சொல்லப்படுற அறிவு சொன்னவரோடயே போயிடுது. வரலாறு படிக்கிற நமக்கு இங்கே ஒரு வேலை இருக்கு. ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கிட்டுப் பக்கத்துக் கராஜுக்குப் போய், கேட்டு எழுதுவோம்.