கைத்துப்பாக்கிச் செம்புள்ளிக் குறிநோக்கி

கைத்துப்பாக்கியின் மேல் தீப்பெட்டியை விடச் சிறிய கண்ணாடிச் சட்டம் ஒன்று. அதன் வழியே பார்த்தால் இலக்கின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். சுடுவோர் வட்டாரத்தில் ‘ரெட் டாட்’ என்றால்தான் விளங்கும். இதை லேசரோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். லேசர் ஒளி இலக்கின் மேலேயே போய் விழும். பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். இந்தப் புள்ளியோ சுடுபவரின் கண்ணுக்கு மட்டுமே உரியது.

சாதாரணத் துப்பாக்கியில் குறிபார்ப்பவர் பின்புறப் பிளவு, முன்முனை முட்டு, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தியாக வேண்டும். கண்ணோ ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். மற்ற இரண்டும் மங்கும். வெள்ளெழுத்து வந்தவருக்கு முன்முட்டே கரைந்துபோய்விடும்.

இதற்கு வழி சொன்னவர் துப்பாக்கிக்காரர் அல்லர். டப்ளினில் தொலைநோக்கி செய்துவந்த ஹோவர்ட் கிரப். அவரது நிறுவனம் செய்த 20 அங்குலத் தொலைநோக்கி முதலில் புனேயில் இருந்து, 1912-இல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்தது. 1900-இல் அவர் காப்புரிமை பெற்ற யோசனை எளிமையானது. வளைந்த கண்ணாடியின் குவியத்தில் ஒரு ஒளிப்புள்ளியை வைத்தால், பிரதிபலித்து வரும் கதிர்கள் இணையாகக் கண்ணை எட்டும். புள்ளி கண்ணாடியில் இருப்பதாகத் தோன்றாது. வானத்து நட்சத்திரம்போல எல்லையற்ற தொலைவில் நிற்பதாகத் தோன்றும். தலை சற்று விலகினாலும் குறி பெரிதாக விலகாது.

யோசனை இருந்தது; அதைக் கைக்குள் அடக்கும் விளக்கு இல்லை. அதனால் அது முதலில் விமானம் ஏறியது. 1918-இல் ஜெர்மானியர் ஓய்கே நிறுவனத்தின் குறிநோக்கியைப் போர்விமானங்களில் சோதித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அது இரு தரப்பு விமானங்களிலும் வழக்கமாயிற்று. 1970-இல் வடவியட்நாமின் சன் டே முகாமில் போர்க்கைதிகளை மீட்கச் சென்ற அமெரிக்க வீரர்களின் துப்பாக்கிகளில் ‘சிங்கிள்பாயின்ட்’ என்ற குறிநோக்கி இருந்தது. அதன் வழியே எதையும் பார்க்க முடியாது. ஒரு கண் புள்ளியை மட்டும் பார்க்கும், மறு கண் இலக்கைப் பார்க்கும், மூளை இரண்டையும் ஒட்டிக்கொள்ளும். 1975-இல் சுவீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் எல்இடி விளக்கோடும் பேட்டரியோடும் கொண்டுவந்த குறிநோக்கியில் ஒரே கண்ணால் இரண்டையும் பார்க்க முடிந்தது.

கைத்துப்பாக்கிக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் போட்டிக்காரர்கள். 1990-இல் அடிலெய்டில் நடந்த ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) உலகப் போட்டியை டக் கோனிக் ரெட் டாட்டோடு வென்றார். ஆனால் அன்றைய குறிநோக்கி தடித்த குழாய். அசையாத அடிச்சட்டத்தில்தான் நின்றது. அதை இடுப்பு உறையில் வைத்து ஊர்சுற்ற முடியாது.

உண்மையான சிக்கல் கைத்துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு. ஒவ்வொரு குண்டுக்கும் அது வெடுக்கென்று பின்னால் போய், அடித்துக்கொண்டு முன்னால் வரும். அதன் முதுகில் மின்னணுக் கருவி ஒன்றைக் குடிவைப்பது சாமானிய வேலையல்ல. ட்ரிஜிகான் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஆர்எம்ஆர் அந்த அடியைத் தாங்கிப் பெயர் வாங்கியது. 2015-இல் குளோக் நிறுவனம் குறிநோக்கிக்கென்றே செதுக்கிய ஸ்லைடோடு எம்ஓஎஸ் வகையை விற்கத் தொடங்கியது. 2017-இல் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்த எம்17 கைத்துப்பாக்கியிலும் குறிநோக்கிக்கு இடம் உண்டு. 2019-இல் வந்த எய்ம்பாயின்ட் ஆக்ரோ விளக்கை நான்கு பக்கமும் மூடிய பெட்டிக்குள் வைத்தது. திறந்த வகையில் ஒரு மழைத்துளி விளக்கின்மேல் விழுந்தாலே புள்ளி சிதறிவிடும்.

இன்று வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கடைக்காரரின் விளம்பரத்தையல்ல, தம் ஸ்லைடின் வெட்டை. ஆர்எம்ஆருக்கு வெட்டிய இடத்தில் ஆக்ரோ உட்காராது. இடையில் தகடு வைத்தால் உயரம் கூடும், கழன்றுபோகத் திருகுகளும் கூடும். அடுத்தது புள்ளியின் அளவு; அதை எம்ஓஏ என்ற கோண அலகில் சொல்வார்கள். ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 25 மீட்டரில் 3.25 எம்ஓஏ புள்ளி ஏறத்தாழ 24 மில்லிமீட்டரை மறைக்கும், 6.5 எம்ஓஏ அதில் இரு மடங்கு. சிறியது துல்லியத்துக்கு, பெரியது வேகத்துக்கு. பழக்கமில்லாதவர் பெரியதை எடுப்பதே நல்லது. பேட்டரியை மாற்றும் வழியையும் கேட்க வேண்டும்: ஆர்எம்ஆரில் அது அடியில் இருப்பதால், கருவியைக் கழற்றிப் பொருத்தியபின் குறி மாறவில்லையா என்று சுட்டுப் பார்த்தாக வேண்டும்.

புள்ளி வால்நட்சத்திரம்போலச் சிதறித் தெரிந்தால் உடனே கருவியைக் குறை சொல்லிவிடக் கூடாது. குண்டு ஏற்றாத துப்பாக்கியில் பின்பக்கமிருந்து கைப்பேசியால் படமெடுத்துப் பார்க்கலாம். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் கண்ணின் சிதறல் பார்வையில்தான் (அஸ்டிக்மாடிசம்). சிலருக்குப் பச்சைப் புள்ளி ஒத்துவரும்.

ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் இந்தக் கருவிக்கு இன்றும் இடமில்லை. 2024 பாரிஸில் இந்தியாவின் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது பழைய பிளவு, முன்முட்டு வழியே பார்த்துத்தான்.