பேஸ் கிடார்: கம்பியும் பெட்டியும் வந்த கதை

ராஜா ரசிகர்கள் நாலு பேர் ஒண்ணு சேர்ந்தா, பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில் பேஸ் கிடாரில் வந்துதான் நிற்கும். 'நிழல்கள்' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982) படப் பாட்டுகளை ஒரு நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்க. மேலே பாடகர் ஒரு மெட்டில் போய்க்கிட்டிருப்பார். அடியில் பேஸ் தனக்குன்னு வேற ஒரு மெட்டு போட்டுக்கிட்டு, பாடகரை இடிக்காமல், ஆனா விட்டும் கொடுக்காமல் கூடவே வரும். ராஜாவின் பேஸ் என்றாலே ரசிகர்கள் சொல்லும் பெயர் சசிதரன்.

ஆனா ஒரு வேடிக்கை. எங்க இரும்பை பக்கம் இந்தப் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்த பலருக்கு, அதில் பேஸ் கிடார்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. ரசனைக் குறைவெல்லாம் இல்லீங்க. காரணம் கூம்பு ஸ்பீக்கர். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊத்தறதுன்னு எதுவானாலும் ரேடியோ செட்காரர் வந்து வேப்பமரத்தில் கட்டுவாரே, அதே கூம்புதான். அதில் மனுஷக் குரல் நாலு ஊருக்குக் கேட்கும். பேஸ் மட்டும் பந்தலைத் தாண்டாது. அடிச்சத்தம் அதில் உண்டானால்தானே தாண்டறதுக்கு!

கணக்கு இதுதான். பேஸ் கிடாரின் தடித்த கம்பியைச் சும்மா தட்டினால் நொடிக்கு சுமார் 41 அதிர்வு. அடுத்தடுத்த கம்பிகள் 55, 73, 98. கூம்பு ஸ்பீக்கர் உருப்படியாக வேலை செய்ய ஆரம்பிப்பதே சில நூறு அதிர்வுகளுக்கு மேலேதான். அப்போ பேஸின் அடிநாதம் முழுக்க அவுட். மிச்சம் இருப்பது அதன் மேல்சுரங்கள், அதாவது 41-இன் மடங்குகளான 82, 123, 164 என்று போகிற வரிசையில் மேலே இருப்பவை மட்டும். இங்கே நம்ம மூளை ஒரு தந்திரம் செய்யும். மேல்சுரங்கள் போதுமான அளவு வந்துவிட்டால், வராத அடிநாதத்தையும் அதுவே கற்பனை செய்து நிரப்பிக்கும். சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவில்கூட நமக்குப் பேஸ் கேட்கிற மாதிரி இருப்பது இதனால்தான். மேல்சுரமே இல்லாத மொத்தைச் சத்தமாக இருந்தால் மூளையும் கையை விரிச்சிடும்.

இதை ஞாபகத்தில் வச்சுக்கங்க. பேஸ் கிடார் வரலாறே இந்த ஒரு பிரச்சினையின் வரலாறுதான்: 'நான் வாசிக்கறது யார் காதிலாவது விழுதா?'

எங்க ஊர் சிவன் கோயில் சம்பந்தர் பாடிய தலம், மாகாளேஸ்வரர். கடுவெளிச் சித்தர் கதையும் வெடித்த லிங்கமும் அங்கேதான். அந்த மாதிரி கோயில்களில் வாசிக்கும் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கரண்டே வேண்டாம். திறந்த வெளிக்காகவே செய்த வாத்தியங்கள். மேற்கத்திய இசையில் அடிநாதத்துக்கு இருந்த டபுள் பேஸ் அப்படி இல்லை. ஆள் உயரத்துக்கு நிற்கும், ஆனா நாலு டிரம்பெட் சேர்ந்தால் முழுகிப் போகும். தூக்கிட்டு பஸ் ஏறவும் முடியாது. (நம்ம பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாட்டுகளில் 'தும் தும்' என்று கேட்பது பெரும்பாலும் இந்த டபுள் பேஸ்தான்.)

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்தார். எடுபடவில்லை. 1951-இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்'தான் பிடித்துக்கொண்டது. 34 அங்குலக் கம்பி நீளம், கழுத்தில் கட்டைகள். கட்டை இருந்ததால் சுரம் துல்லியமாக விழும், அதனால்தான் பிரிசிஷன் என்று பெயர். அடுத்த வருஷமே அதுக்குன்னு ஒரு ஆம்ப் விட்டார், 'பேஸ்மேன்'. இதில் ஒரு கூத்து: 1950களின் கடைசியில் வந்த பேஸ்மேன், பேஸ்காரர்களை விட லீட் கிடார்காரர்களுக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போனது. லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் 1962 வாக்கில் அதைப் பார்த்துத்தான் முதல் மார்ஷல் ஆம்ப் செய்தார்கள். ராக் இசையின் அந்தக் கர்ஜனைக்கு மூலவர் ஒரு பேஸ் ஆம்ப்!

பேஸ்காரருக்கு வழி செய்தது ஆம்பெக் கம்பெனி. எவரெட் ஹல் என்ற டபுள் பேஸ் வாசிப்பவர், தன் வாத்தியத்தின் அடிக்குச்சியில் மைக்கைச் செருகியதில் ஆரம்பித்த கம்பெனி அது. பெயரே அந்தக் குச்சியிலிருந்து வந்ததுதான். 1960-இல் அவர்கள் விட்ட பி-15 பெட்டியில் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், சக்தி சுமார் 25 வாட். இன்னிக்கு நம்ம ஊர் ஆட்டோவில் இருக்கிற செட்டே அதைவிட அதிகம் என்று போட்டிருப்பான் :-) ஆனால் ஸ்டூடியோக்களில் அந்தப் பெட்டிக்கு அவ்வளவு மரியாதை. உருண்டையான, சூடான சத்தம்.

இப்போ கம்பிக்கு வருவோம். கம்பி தடிக்கத் தடிக்க சுரம் இறங்கும். ஆனா வெறும் இரும்பைத் தடியாக்கினால் அது விறைத்துக்கொண்டு ஆணி மாதிரி ஆகிவிடும், நாதம் வராது. அதனால் மெல்லிய உள்கம்பியின் மேல் வேறொரு கம்பியைச் சுற்றி எடையை மட்டும் ஏற்றுவார்கள். நம்ம மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்புகிறோமே, கிட்டத்தட்ட அதே யோசனைதான். தோலை மாத்தாமல் எடையை ஏற்றி நாதத்தை இறக்குவது.

சுற்றுகிற கம்பி பட்டையாக இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். தடவினால் வழவழ, சத்தம் மொத்தை, மேல்சுரம் கம்மி, டபுள் பேஸுக்குப் பக்கத்தில் வரும். சுற்றுகிற கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். சொரசொரப்பு, சத்தத்தில் ஒரு பளீர், பியானோவின் இடதுகைப் பக்கம் மாதிரி.

முதலாவதின் குலதெய்வம் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரத்து மோடவுன் கம்பெனியில் 1960களில் வந்த ஹிட்டுகளில் கணிசமானவை அவர் வாசித்தது. தடித்த லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட், அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார். ஒரே ஒரு விரலில் வாசிப்பார். ஸ்டூடியோவில் பெரும்பாலும் ஆம்பே கிடையாது, ஒயர் நேராக மிக்சருக்குப் போகும். ஆக, உலகமே வாயைப் பிளந்த அந்த டோன் வந்தது பழைய கம்பியிலிருந்தும் ஒரு விரலிலிருந்தும்.

இரண்டாவதின் குலதெய்வம் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில். அவர் குழுவில் டிரம்ஸ்காரர் கீத் மூன் பூகம்பம், கிடார்காரர் பீட் டவுன்ஷெண்ட் புயல். நடுவில் மொத்தைச் சத்தம் எப்படி எடுபடும்? 1960களின் நடுவில் அவர் லண்டன் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு சேர்ந்து, தனக்கு வேண்டிய ரவுண்ட்வவுண்ட் கம்பிகளைச் செய்துகொண்டார். பேஸ் திடீரென்று முன்வரிசைக்கு வந்தது. 1976-இல் ஜாகோ பஸ்டோரியஸ் கட்டை இல்லாத பேஸில் அதே மாதிரி கம்பியைப் போட்டுப் பாட வைத்தார். ஆம்ப் பக்கமும் அதே போட்டிதான். 1969-இல் ஆம்பெக் விட்ட எஸ்விடி 300 வாட். ஒரு கேபினெட்டுக்கு எட்டு 10 அங்குல ஸ்பீக்கர். 25 எங்கே, 300 எங்கே! ஆனாலும் காதுக்கு அது பன்னிரண்டு மடங்காகத் தெரியாது. சத்தம் இரண்டு மடங்காகத் தோணவே சக்தி சுமார் பத்து மடங்கு வேண்டும். பேஸ்காரர்கள் முதுகு ஒடியப் பெட்டி சுமந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இதெல்லாம் எதுக்கு இரும்பையில உட்கார்ந்து சொல்றேன்னு கேட்பீங்க. சொல்றேன்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மெல்லிசைக் குழுக்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனா மேடையில் பேஸ் கிடாரோட ஒரு ஆளைப் பார்ப்பது அபூர்வமாகிக்கொண்டே வருகிறது. கீபோர்டின் இடதுகைப் பக்கம் பேஸ் சத்தத்தை வைத்துவிட்டால் ஒரு ஆள் சம்பளம் மிச்சம், வேனில் ஒரு சீட்டும் மிச்சம். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் இருபது வருஷத்துக்கு மேல் வாசித்தவர். 'நீ வாசிக்கறது கடைசி வரிசைக்குக் கேட்கறதே இல்லப்பா, எதுக்கு உனக்கு ஒரு பங்கு?' என்று கேட்டுவிட்டார்கள். இப்போ ஷாமியானா வாடகைக்கு விடுகிறார். அவர் வாசித்தது தப்பில்லை. பல வருஷம் ஊறிய கம்பி, குரலுக்கென்று செய்த ஸ்பீக்கர், பேஸுக்கென்று தனியாக எதுவுமே இல்லை. அவர் விரல் செய்த வேலை மேடையை விட்டு இறங்கவே இல்லை. கேசட் காலத்தில் உறையில் வாத்தியக்காரர் பெயர் போடுவதும் வழக்கமில்லை. ரஹ்மான் தன் ஆல்பங்களில் பெயர்களைப் போட ஆரம்பித்த பிறகுதான் கீத் பீட்டர்ஸ் என்ற சென்னை பேஸ்காரரை நம்மில் பலர் தெரிந்துகொண்டோம். காதிலும் விழாமல், உறையிலும் இல்லாமல் போன கலைஞன் எத்தனை பேரோ!

அதனால், புதுசாக பேஸ் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த வரலாறு சொல்லும் பாடம் ஒண்ணுதான். 'எந்தக் கம்பி உசத்தி' என்று கேட்காதீங்க. 'என் சத்தம் எந்த ஸ்பீக்கர் வழியாக யாருக்குப் போகப்போகுது' என்று கேளுங்க.

வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பழைய பாட்டு வாசிக்கணும்னா ஃப்ளாட்வவுண்ட் அருமை. விலை கூடுதல்தான், ஆனா அழுக்குச் சேரும் பள்ளம் இல்லாததால் வருஷக்கணக்கில் உழைக்கும். ஊர்த் திருவிழா மேடை, சுமாரான ஸ்பீக்கர் என்றால் நிக்கல் ரவுண்ட்வவுண்ட், 45-இலிருந்து 105 வரையிலான செட். கூம்பு அடிநாதத்தை முழுங்கினாலும் மேல்சுரம் தப்பித்துப் போய்ச் சேரும், மிச்சத்தைக் கேட்பவர் மூளை பார்த்துக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் பளீர், ஆனா கட்டையை அரிக்கும். எங்க பக்கம் கடற்காற்றுக்கும் வேர்வைக்கும் ரவுண்ட்வவுண்ட் சீக்கிரம் செத்துப்போகும். வாசித்து முடித்ததும் துணியால் துடைங்க. புது செட்டுக்குக் காசில்லையென்றால் பழையதைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்து, நல்லாக் காயவைத்துப் போடலாம். அழுக்கு போய்க் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். உலகம் பூரா ஏழை பேஸ்காரர்கள் செய்வது இது.

ஆம்ப்? 300 வாட் கனவெல்லாம் வேண்டாம். ஜேமர்சன் வழிதான் நமக்கும். ஒரு டிஐ பாக்ஸ் வாங்கி நேராக மிக்சருக்குக் கொடுங்க, நீங்க வாசிப்பது உங்களுக்கே கேட்க ஒரு சின்ன காம்போ பக்கத்தில் இருந்தால் போதும். முக்கியமா, சவுண்ட் செட்காரரிடம் கச்சேரிக்கு முந்தியே பேசி, பேஸுக்காக ஒரு 15 அங்குலமோ 18 அங்குலமோ தரையில் வைக்கச் சொல்லுங்க. டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் மாட்டேன் என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு பாட்டு முடிந்ததும் கடைசி வரிசையில் நிற்கிற யாரையாவது கேளுங்க, 'பேஸ் கேட்டுச்சாண்ணே?'ன்னு. அவர் சொல்ற பதில்தான் உங்க டோன்.