நான்கு நீளம், மூன்று திருப்பம்

1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பதினோரு வயதுச் சிறுமியாய் மார்பு நீச்சல் போட்டியில் இறங்கிய ஆரத்தி சாஹா, ஏழாண்டுகள் கழித்து, 1959 செப்டம்பர் 29-ஆம் தேதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்னும் கீர்த்தியை அடைந்த வரலாற்றைச் சொல்லிச் சென்ற வாரம் நிறுத்தினோம். கடலை விட்டு இந்த வாரம் நீச்சல் குளத்துக்கு வருவோம். ஒலிம்பிக் நீச்சலில் நம் நாட்டுப் பெண்கள் திரும்பத் திரும்பக் காலடி வைத்தது 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் என்னும் நடுத்தூரப் போட்டியில்தான்; அந்தப் போட்டியின் பூர்வ கதை அறியத்தக்கது.

பெண்கள் எவ்வளவு தூரம் நீந்தலாம் என்பதை நெடுங்காலம் சபைகளில் அமர்ந்திருந்த கனவான்களே நிர்ணயித்து வந்தார்கள். 1896-இல் நவீன ஒலிம்பிக் ஆரம்பமாயிற்றென்றாலும், 1912-இல் ஸ்டாக்ஹோமில்தான் பெண்களுக்கு நீச்சல் போட்டி வந்தது. தனிநபர் நீச்சலில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது 100 மீட்டர் மட்டுமே. அதில் முதல்வராக வந்த ஆஸ்திரேலியாவின் ஃபேனி டுராக், ஸ்டாக்ஹோமுக்குக் கப்பலேறுவதற்கே ஒரு போராட்டம் நடக்க வேண்டியிருந்தது. ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடலாகாது என்று நியூ சவுத் வேல்ஸில் விதி செய்து வைத்திருந்தது, விசித்திரமாக, பெண்களுக்கென்றே அமைந்த நீச்சல் சங்கம். பொதுஜன அபிப்பிராயம் திரண்டெழுந்த பிறகே அந்த விதி தளர்ந்தது.

பிறகு தூரம் கொஞ்சங் கொஞ்சமாக நீண்டது: 1920-இல் ஆண்ட்வெர்ப்பில் 300 மீட்டர், 1924-இல் பாரிஸில் 400 மீட்டர். பாரிஸின் அந்த 400 மீட்டரில் வெண்கலம் பெற்ற அமெரிக்கப் பெண் கெர்ட்ரூட் எடர்லே, ஈராண்டுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, அதுவரை ஆண்கள் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தையே ஏறக்குறைய இரண்டு மணி குறைத்துக் காட்டினார். இத்தகைய பிரத்தியட்ச சாட்சி கண்முன் நின்ற பிறகும், 800 மீட்டர் பெண்களுக்குக் கிடைக்க 1968-ஆம் ஆண்டு மெக்ஸிகோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் நெடுங்காலம் ஆண்களுக்குங்கூட விடுபட்டிருந்த 200 மீட்டரும் அவ்வாண்டே இருபாலாருக்கும் வந்து சேர்ந்தது. அங்கே 200, 400, 800 மூன்றிலும் டெப்பி மேயர் என்னும் பதினாறு வயதுப் பெண் தங்கம் வென்றார். 1500 மீட்டரோ, 1908 முதல் ஆண்களுக்கு இருந்துவந்தது, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்குத் திறந்தது. பெண்ணின் தேக பலத்தைப் பற்றி ஒரு சந்தேகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன ருசு வேண்டும்?

200 மீட்டர் என்பது ஐம்பது மீட்டர் குளத்தில் நான்கு நீளம், மூன்று திருப்பம். தூரம் குறைவென்று முதலிலேயே பலத்தையெல்லாம் கொட்டிவிட்டால் கடைசி நீளத்தில் கைகள் கல்லாகக் கனக்கும்; அதிகம் என்று அடக்கி வைத்தாலோ பக்கத்து வரிசைக்காரி போய்விடுவாள். நீந்தியவர்கள் பெரும்பாலும் அஞ்சுவது மூன்றாவது நீளத்தை. சுவரை நெருங்கும்போது தலையை உள்ளிழுத்து நீருக்குள்ளேயே உடலைச் சுருட்டிப் புரட்டி, இரு பாதங்களும் சுவரில் பதிந்த அதே கணத்தில் உந்திப் பாயவேண்டும். மூச்சுக்கு முகம் எப்போது திரும்பும் என்று நெஞ்சு தவிக்கும்போதும், சுவரை விட்ட உடனே திருப்பிவிடக் கூடாது என்பதே பயிற்சியின் சாரம்.

இந்தப் போட்டிக்கு நம் நாட்டிலிருந்து போன நிஷா மில்லட், ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தவர். மகளுக்கு நீரச்சம் நிலைத்துவிடக் கூடாதென்று தந்தை வற்புறுத்தவே, 1991-இல் சென்னை செனாய் நகரில் நீச்சல் பழகத் தொடங்கினார். தமிழ்நாட்டுத் தண்ணீரில் கை வீசக் கற்ற அந்தப் பெண், 100 மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள் நீந்திய முதல் இந்தியப் பெண்ணாகி, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் இறங்கித் தம் தகுதிச் சுற்றில் முதலாவதாகவும் வந்தார். ஆயினும் அரையிறுதிக்குப் போகவில்லை. முதலிடம் பெற்றும் ஏன் போகவில்லையென்று வாசகர் கேட்கலாம். வேகம் குறைந்தவர்கள் முதல் சுற்றுகளிலும், வேகம் மிகுந்தவர்கள் கடைசிச் சுற்றுகளிலும் நீந்துவது அங்கே வழக்கம். எல்லாச் சுற்றுகளின் நேரங்களையும் ஒன்றாக வரிசைப்படுத்தி, முதல் பதினாறு பேரையே மேலே அனுப்புவார்கள்.

அதன்பின் பதினாறு ஆண்டுகள் அந்தப் போட்டியில் இந்தியப் பெண் எவரும் இல்லை. 2016-இல் ரியோவில் ஷிவானி கட்டாரியா நீந்தி 41-ஆம் இடம் பெற்றார். அடுத்து, 2024 ஜூலை 28-ஆம் தேதி பாரிஸில், பதினான்கு வயது தினிதி தேசிங்கு. தமிழ்நாட்டுத் தந்தைக்கும் கேரளத் தாய்க்கும் மகளாகப் பெங்களூரில் வளர்ந்த இந்தச் சிறுமி, அவ்வாண்டு நம் நாட்டுக் குழுவில் யாவரினும் இளையவர். இந்திய ஒலிம்பிக் சரித்திரத்தில் இவரினும் இளைய பெண் ஆரத்தி சாஹா ஒருவர்தான். நிஷாவைப் போலவே தினிதியும் தம் சுற்றில் முதலாவதாகச் சுவரைத் தொட்டார். நேரம் 2 நிமிஷம் 6.96 விநாடி, மொத்தத்தில் 23-ஆம் இடம்.

மறுநாள் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் மோலி ஓ'காலகன் எடுத்துக்கொண்டது 1 நிமிஷம் 53.27 விநாடி. பதின்மூன்று விநாடிதானே என்று எண்ணிவிடக் கூடாது. இருவரும் அந்தந்த வேகத்தில் ஒரே குளத்தில் நீந்தியிருந்தால், ஆஸ்திரேலியப் பெண் சுவரைத் தொடும்போது நம் சிறுமிக்கு இன்னும் 21 மீட்டருக்கு மேல் பாக்கி இருந்திருக்கும். அந்த இருபத்தொரு மீட்டர் அவளுடைய முயற்சிக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். குளம், பயிற்றுநர், சத்துணவு, சர்வதேசப் போட்டி அனுபவம், இவற்றைப் பல தலைமுறையாகச் சேமித்த நாட்டுக்கும் இப்போதுதான் சேமிக்கத் தொடங்கியிருக்கும் நாட்டுக்கும் உள்ள தூரம் அது.

இதை எழுதும் ராயகிரியில், மேற்கே மலை தெரியும் வயற்காட்டுக் கிணறுகளில் பெண்பிள்ளைகள் நீந்தக் கற்பது புதிதல்ல. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டால், ஒரு கோடை விடுமுறைக்குள் குடுக்கையை அவிழ்த்தெறிந்துவிட்டுப் பம்புசெட் மேடையிலிருந்து குதிக்கிறார்கள். அடிமண்ணை அள்ளிவந்து காட்டுகிறார்கள். ஆனால் கிணற்றின் அகலம் நாலு கை வீச்சு, அதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும். பெரியவளானதும் அந்த நாலு வீச்சும் நின்றுவிடுகிறது; அண்ணனும் தம்பியும் குதித்துக்கொண்டிருக்க, அவள் வரப்பில் நின்று துணிக்குக் காவலிருக்கிறாள். ஆண்கள் பார்க்குமிடத்தில் கூடாது என்று 1912-க்கு முன் நியூ சவுத் வேல்ஸில் எழுதி வைத்திருந்த விதியை, எங்கள் பக்கத்தில் யாரும் எழுதாமலே அனுசரித்து வருகிறோம். தென்காசி ஜில்லாவின் பள்ளிக்கூடங்களில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கி, பெண் பயிற்றுநரை வைத்து, நீச்சல் கற்பிக்க ஏற்பாடு செய்தால், இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதைக் கிணற்றடியில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

தினிதியோ பாரிஸோடு நின்றுவிடவில்லை. 2025-இல் உத்தராகண்டில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ஒன்பது தங்கப் பதக்கங்களை வென்று திரும்பினார். அடுத்த வாரம், 2004-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்தி வந்த வங்காளப் பெண்மணி பூலா சௌதுரியின் வரலாற்றைப் பார்ப்போம்.