உள்ளேன் ஐயா!



போன வாரம் நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வீட்டுக்கு வந்தான் பழைய மாணவன் ஒருவன். தென்காசியில் இருந்தபடியே வெளியூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். முகம் வாடியிருந்தது.

"எங்க சர்வர்ல எல்லாம் ஜாவா இருக்கு சார். எந்த லைசென்ஸுக்கு யாரு சம்மதம் கொடுத்ததுன்னு கணக்கு கேக்காங்க. நான் எங்க சார் சம்மதிச்சேன்? ஸ்கிரிப்ட்தானே சொல்லிச்சு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராத பையனுக்குப் பின்பெஞ்சிலிருந்து 'உள்ளேன் ஐயா' சொன்னவன்தான் இவன்.

பிளஸ் டூ புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ் படித்தீர்களே, நினைவிருக்கிறதா? அதை விற்ற சன் நிறுவனம்தான் 1995-இல் ஜாவாவையும் வெளியிட்டது. 2010 ஜனவரியில் சன், ஆரக்கிள் கைக்குப் போனது. அப்போது ஆரக்கிள் தளத்தில் ஜாவாவை இறக்க, 'உரிமத்தை ஏற்கிறேன்' என்ற பொத்தானைத் தொட வேண்டியிருந்தது. மவுஸே இல்லாத சர்வர் எப்படித் தொடும்? டபிள்யூகெட் கட்டளை கொடுத்தால் மென்பொருளுக்குப் பதில் வெறும் வலைப்பக்கம்தான் வந்து விழுந்தது. பொத்தானைத் தொட்டால் நடப்பது ஒரு குக்கி பதிவாவது மட்டுமே என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அந்தக் குக்கியைக் கட்டளையோடு சேர்த்தனுப்பினால் கதவு திறந்தது. அந்த ஒற்றை வரியை உலகமே காப்பியடித்தது. 2011 ஆகஸ்டில், லினக்ஸ் வெளியீட்டாளர்கள் ஜாவாவைத் தங்கள் தொகுப்பில் சேர்த்துத் தர இருந்த அனுமதியையும் ஆரக்கிள் நிறுத்தியது. அதன்பின் அந்த வரிக்கு இன்னும் கிராக்கி.

சட்டம் என்ன சொல்கிறது? நெட்ஸ்கேப் வழக்கில் 2002-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த நிபந்தனை, இறக்கியவரைக் கட்டுப்படுத்தாது என்றது. தீர்ப்பை எழுதியவர், பிறகு உச்ச நீதிமன்றம் போன சோனியா சோட்டோமேயர். நம்மவன் அதைச் சொல்லித் தப்ப முடியாது. நிபந்தனை இருப்பது தெரிந்துதானே அந்த வரியே எழுதப்பட்டது! நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம், 11-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் தானாக இயங்கும்படி அமைத்த கணினி அனுப்பும் மின்பதிவு, அவரே அனுப்பியதாகத்தான் கொள்ளப்படும்.

2019 ஏப்ரல் 16-இல் நிபந்தனை மாறியது. புது வெளியீடுகளை வியாபாரத்தில் பயன்படுத்தக் காசு. 2021 செப்டம்பரில் ஜாவா 17-ஐ மறுபடி இலவசமாக்கி, ஸ்கிரிப்டே நேராக இறக்கும்படி முகவரியும் கொடுத்தார்கள். இவற்றுக்கு நடுவே எந்தப் பதிப்பு எந்தத் தேதியில் இறங்கியது என்பதுதான் இப்போது அவன் தேடும் கணக்கு.

"ஓப்பன் ஜேடிகே இருக்கேலே, அதைப் போட்டிருக்கலாமே?" என்றேன்.

"சீனியர் கொடுத்த ஸ்கிரிப்ட் சார்... நான் படிச்சுப் பாக்கல."

சுக்குக்காப்பியைக்கூட முடிக்காமல் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான். அதே ஸ்கிரிப்ட் உங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறதோ? இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், திட்ட மாட்டேன்.