சாயவேரும் இம்பூறலும்: மன்னாரின் ஒரு செடி பற்றிய வரலாற்றுக் குறிப்பு

மன்னாரின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் முத்துக்குளிப்போடு தொடங்கி முத்துக்குளிப்போடே நின்றுவிடுகின்றனர். இது வியப்பன்று. அரிப்பில் ஆளுநர் நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு கண்ணுக்குத் தெரிகிறது. முத்தின் விலை ஏடுகளிலே பதிவாகியுள்ளது. ஆனால் அதே கரையின் மணலிலிருந்து குனிந்து குனிந்து எடுக்கப்பட்ட சாயவேருக்கு மாளிகை எதுவும் இல்லை. அதை எடுத்தவர்களுக்கோ வரலாற்றில் பெயரே இல்லை.

சாயவேர் ஒரு சிறு பூண்டு. முழந்தாளளவும் வளராத அதன் வெண்பூக்களைப் பார்த்து எவரும் அதற்கொரு வணிக மதிப்பு உண்டெனக் கருதமாட்டார். மதிப்பெல்லாம் மண்ணுக்குக் கீழே, மெல்லிய நீண்ட வேரின் பட்டையில் உள்ளது. சோழமண்டலக் கரையில் இதைப் பயிரிட்டவர்களும் உண்டு. எனினும் தானாக முளைத்த வேரே நிறத்தில் உயர்ந்ததெனச் சாயக்காரர் கணித்தனர். மன்னார்த் தீவு, வன்னிக் கரை, யாழ்ப்பாணத் தீவுகள், எதிர்க்கரையில் இராமேசுவரம் ஆகிய மணற்பாங்கான நிலங்களே இவ்வேருக்குப் பெயர்போனவை. மஞ்சிட்டி இனச் சாயங்கள் துணியில் நன்கு பற்றுவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இன்றைய இரசாயனவியல் அறிந்த செய்தி. சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணலுக்குச் சாயக்காரர் தந்த மதிப்பை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தக் கம்பனி சாயவேரைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. யாழ்ப்பாணப் பட்டினத்தின் ஆணையாளராயிருந்த செவார்தெக்குரோன் 1697இல் தம் பின்னோர்க்கு எழுதி வைத்த குறிப்பிலே சாயவேர் தனியே எடுத்துப் பேசப்படுகிறது. வேர் குத்துவது விரும்பியவர் செய்த தொழிலன்று. அதற்கெனக் குறிக்கப்பட்ட கீழ்நிலைச் சாதியினர் மீது சுமத்தப்பட்ட ஊழியம். விலையைத் தீர்மானித்தவள் கம்பனி. நிறுவைத் தராசும் அவளுடையதே. இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. முதலாளித்துவத்தின் முன்னோடியான வணிக மூலதனம், தான் புகுந்த இடத்திலே சாதி முறையைக் குலைக்கவில்லை. அதனை ஒரு தொழிலாளர் பட்டியலாகப் பயன்படுத்திற்று. நிலவுடைமை மரபும் கம்பனியின் பேரேடும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1795இல் இக்கரை ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னரும் இவ்வேர் அரசின் வருமான மூலமாகவே தொடர்ந்தது. பெர்தோலாச்சி 1817இல் வெளியிட்ட இலங்கைப் பொருளாதாரம் பற்றிய நூலில் அதற்கும் ஓர் இடமுண்டு.

வேர் துணியிலே நிறமாகும் முறையை, பாண்டிச்சேரியைச் சார்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் கெர்து 1742இல் எழுதிய கடிதம் விரிவாகக் கூறுகிறது. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய பருத்தித் துணியில், சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசலால் வரைவர். பின் வேர்ப்பொடி இட்டுக் கொதிக்க வைத்தால் படிகாரம் தொட்ட இடத்தில் நிறம் ஏறி நிலைத்துவிடும். ஐரோப்பியர் இதனைக் கற்றுக் கொள்வதற்காகவே கடிதம் எழுதப்பட்டது என்பதை மறைக்கவுமில்லை.

அந்நிறத்தின் பெயர் அலிசரின். 1826இல் உரோபிக்கே, கோலின் என்ற இரு பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஐரோப்பிய மஞ்சிட்டி வேரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற செர்மானியர் அதனை ஆய்வுகூடத்திலே ஆக்கிக் காட்டினர். இதற்கு முன்னரே இயந்திரத் துணி, சோழமண்டலத்தின் ஓவியத் துணிகளைச் சந்தையிலிருந்து தள்ளியிருந்தது. நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு அலிசரின் உற்பத்தி தொடங்கியதும், பிரான்சின் மஞ்சிட்டி வயல்களோடு நம் கரையின் வேருக்கும் வணிகப் பொருளென்ற வாழ்வு முடிந்தது.

ஆனால் செடியின் வாழ்வு முடியவில்லை. ஏனெனில் அதற்கு வேறொரு பெயரும் உண்டு. சித்த மருத்துவர் அதனை இம்பூறல் என்பர். இருமலில் இரத்தம் கக்குவோர்க்கும், ஈளை நோயாளர்க்கும் அதன் வேரையும் இலையையும் கொடுப்பது மரபு. இரத்தம் கக்கிச் செத்தவன் இம்பூறலை அறியாதவன் என்ற கருத்தில் ஒரு பழமொழியே வழங்குகிறது. வணிகர் வழி 'சாய' என்ற தமிழ்ச்சொல் ஆங்கில அகராதி வரை ஏறிற்று. இம்பூறல் என்ற பெயர் கப்பல் ஏறவில்லை. கம்பனிக்கு வேண்டியது நிறமே. நோயில் விழுந்தவனுக்கு அதே செடி என்ன செய்யும் என்பது கணக்கில் எழுதத்தக்க விடயமாக அதற்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

தாவர நிறமிகள் உடலுக்கு நன்மை செய்யும் என்ற பேச்சு இன்று பெருகியுள்ளது. நிறமிகள் யாவற்றையும் ஒரே கூடையில் இடுவது அறிவியலன்று. அலிசரின் பற்றி ஆய்வுகூடப் பரிசோதனைகள் உண்டு. அதனால் அது உணவாகிவிடாது. அதற்கு எலும்பிலுள்ள கல்சியத்தோடு பிணையும் இயல்பு உண்டு. மஞ்சிட்டி தின்ற விலங்கின் எலும்பு சிவந்திருந்ததை 1736இலேயே பெல்ச்சியர் என்ற ஆங்கில மருத்துவர் அறிவித்தார். ஐரோப்பிய மஞ்சிட்டியில் அலிசரினோடு கூடவே இருக்கும் லூசிடின் என்ற பொருள் மரபணுவைத் தாக்கவல்லது. இம்பூறலின் மருத்துவப் பயனை அதன் சிவப்புக்கே உரித்தாக்குவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு; சிவப்பில்லாத இலையும் அதே நோய்க்கு வழங்கியதல்லவா? சிவந்த வேர் குருதிப்போக்கைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் நிறத்துக்கு நிறம் என்னும் பழைய ஒப்புமைச் சிந்தனைக்கும் பங்கு இருக்கலாம். இதனால் மருந்து பொய்யென்று ஆகாது, மெய்யென்றும் ஆகாது. சோதிக்க வேண்டும்.

உண்மையில் உடலைக் காத்த நிறமியைத் தேடின், அதே மணலில் நின்ற பனையிடம் போக வேண்டும். பனங்களியின் செம்மஞ்சள் நிறம் கரோட்டின் வகையைச் சார்ந்தது. கரோட்டின் உடலுள் உயிர்ச்சத்து ஏ ஆக மாறி மாலைக்கண் நோயைத் தடுப்பது. சற்றுக் கொழுப்பு உடன் சேர்ந்தால்தான் உடல் அதனை நன்கு ஏற்கும். களியை வெயிலிலே காயவைத்துப் பனாட்டாக்கும்போது கரோட்டினில் ஒரு பகுதி அழியும். ஆயினும் பஞ்ச மாதங்களுக்கென்று பாயில் சுருட்டி வைத்தது அதைத்தான். முருங்கைக்கீரையின் பசுமைக்குள்ளும் இக்கரோட்டின் மறைந்துள்ளது. இவற்றை ஒல்லாந்தன் நிறுத்து வாங்கவில்லை. ஆகவே இவை உண்டவர்களிடமே தங்கின.

சாயவேரை நிறத்துக்காக மணலில் குத்தி எடுப்போர் இன்று இல்லை. இம்பூறல் என்ற பெயரில் மருந்துகள் தமிழகத்துச் சித்த மருந்துக் கடைகளிலே விற்கப்படுகின்றன. புட்டியின் மேல் மன்னாரின் பெயர் இராது.