அச்சிதழிலிருந்து திரைவரிக்கு: தமிழ் வானொலி நிகழ்ச்சிக் குறிப்பின் வரலாறு

முன்னுரை

வானொலியில் ஒலிப்பது யாது, பாடுபவர் யார், அடுத்து வருவது எது என்பதை நேயருக்கு உணர்த்தும் குறிப்பு, ஒலிபரப்பு வரலாற்றில் தனித்து ஆராயப்படாத கூறாகும். அக்குறிப்பு அச்சிலிருந்து மின்திரைக்கு இடம்பெயர்ந்தபோது தமிழ் எழுத்து எதிர்கொண்ட நெருக்கடியை இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சும் குரலும்

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பெற்றன. ஆங்கிலத்தில் ‘தி இந்தியன் லிஸனர்’ இதழும் தமிழில் ‘வானொலி’ இதழும் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அச்சிட்டு வழங்கின. இதழ் வாங்க இயலாதவருக்கு அறிவிப்பாளரின் குரலே நிரலாயிற்று. இவ்விரு வழிகளிலும் தமிழ்ப்பெயர் எத்துணை நீளமாயினும் குறைக்கப்படவேண்டிய தேவை எழவில்லை.

திரையின் அளவு

அந்நிலை மின்திரையில் மாறியது. பண்பலைக்கென ஐரோப்பாவில் உருவான ஆர்.டி.எஸ். முறை நிலையப் பெயருக்கு எட்டு எழுத்திடங்களையே ஒதுக்கியது. அதன் தொடக்கக்கால எழுத்துத் தொகுதிகளில் தமிழ் இல்லை. அகில இந்திய வானொலி மத்திய அலைக்குத் தேர்ந்த டி.ஆர்.எம். முறை யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தை ஏற்றதனால் தமிழுக்கு வாயில் திறந்தது. ஆயினும் அம்முறையில் நிலையப் பெயருக்கு 16 குறிகளும், ஒலியுடன் வரும் உரைச்செய்திக்கு 128 பைட்டுகளுமே மேல்வரம்பு.

ஒருங்குறியில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாம். ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பாலாற்றங்கரை ஊராகிய ‘வாலாஜாபாத்’ கண்ணுக்கு ஐந்தெழுத்து. குறிகளோ 10, பைட்டுகள் 30. அதே பெயர் ஆங்கில எழுத்தில் ஒன்பது பைட்டில் அடங்கும். ‘திருச்சிராப்பள்ளி’ ஒன்பதெழுத்தாயினும் 17 குறிகளாதலின் நிலையப் பெயருக்கான இடத்தில் முழுமையாக அமையாது. ஆங்கில வடிவம் 15 குறிகளில் அமைந்துவிடும். உரைச்செய்தி முழுவதும் தமிழாயின் 42 குறிகளுக்கு மேல் இடமில்லை. கச்சேரி ஒன்றின் பாடகர், பக்கவாத்தியம், இராகம் ஆகிய மூன்றையும் ஒரே செய்தியில் தருவது அரிதாகிறது.

மாற்று வழிகள்

தமிழக அரசு 2010இல் ஒருங்குறியுடன் ஏற்ற டேஸ்-16 குறியேற்றம் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரு குறியே அளிக்கிறது. அவ்வழி ‘வாலாஜாபாத்’ 15 பைட்டில் முடியும். ஆனால் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியைச் சார்ந்தது. அதனை அறியாத கருவியில் எழுத்துத் தோன்றாது. டி.ஆர்.எம். முறையிலேயே அமைந்த ஜர்னலைன் என்னும் விரிவான உரைச்சேவை இடநெருக்கடியைத் தணிக்கவல்லது. எனினும் வாங்கியில் அவ்வசதியும், ஒகர, ஐகாரக் குறிகளை உரிய இடத்தில் சேர்த்துக் காட்டும் எழுத்துருவும் இருத்தல் வேண்டும். டி.ஆர்.எம். வாங்கி பொருத்திய கார்கள் சாலைகளில் ஓடும் இந்நாளில் இது ஏட்டளவிலான வினா அன்று.

முடிவுரை

குறியேற்றக் குழுக்கள் எழுத்தை எண்ணிய முறையே, ஓர் ஊர்ப்பெயர் திரையில் முழுமையாக நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது என்பது இவ்வாய்வின் முடிவு. பிறிதொன்றும் கருதத்தக்கது. எந்நாளில் யார் பாடினார் என்பதற்கு ‘வானொலி’ இதழ் இன்றும் சான்றாகிறது; திரைவரியோ சில நொடிகளில் மறைகிறது. நிலையங்கள் தாம் அனுப்பும் உரைச்செய்திகளை நாள்வாரியாகச் சேமித்துவைப்பின், வருங்கால இசை, நாடக வரலாற்றாய்வுக்கு அவ்வரிகளே முதன்மைச் சான்றாகும்.